மைனஸ் 19 பையும் ஓடைக்கரைக் குளிரும்: இரண்டு இரவுகளின் நிகழ்வு ஆய்வு

நாங்கள் நான்கு பேர், ஓர் ஓடைக்கரையில் டென்ட் போட்டுத் தங்கியிருந்தோம். எங்களில் மிக நல்ல, விலை கூடிய ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பை) வைத்திருந்தவன் விடிகாலை நான்கு மணிக்கு வெடவெடத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிக மட்டமான பையில் படுத்தவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அது எப்படி என்று அன்றைக்குப் பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இன்னோர் இரவு அங்கேயே தங்கவேண்டும், புதிதாக எதையும் வாங்க வழியில்லை. ஆக, முதல் இரவு செய்த தப்புகளை அதே பொருட்களை வைத்தே மறுநாள் இரவு சரிபார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. நான் எடுத்துவைத்திருந்த குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன்.

யார், எதில் படுத்தோம்

நண்பனிடம் இருந்தது வாத்துத் தூவி அடைத்த பை. பொசுபொசுவென்று உப்பி நிற்கும், மடக்கினால் ஒரு கைக்குள் அடங்கும். கீழே போட்டது பத்து சென்டிமீட்டர் உயரக் காற்று மெத்தை. உள்ளே வெறும் காற்றுதான், வேறு எதுவும் கிடையாது. அவன் மனைவியிடம் செயற்கை இழைப் பை, நுரைப் பாய் ஒன்று. என் அக்கா மகனுக்கு வயது 19. யாரிடமோ இரவல் வாங்கிய பை, அங்கங்கே பஞ்சு திரண்டு கட்டியாகிவிட்ட பழசு. ஆனால் நுரைப் பாய் மட்டும் இரண்டு கொண்டுவந்திருந்தான், ஒன்று படுக்க, மற்றது அடுப்புப் பக்கம் உட்கார. என்னிடம் நடுத்தரமான பையும், தானே காற்றை இழுத்துக்கொள்ளும் வகை மெத்தையும்.

டென்ட் இரண்டு. அடுப்பு ஒன்று, சின்ன கேஸ் குப்பியில் எரிவது. குறைந்தபட்ச அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் சிறிய வெப்பமானி ஒன்றும் என்னிடம் இருந்தது. இந்தக் கதையில் ஆதாரம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

முதல் இரவு

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது ஓடைக்கரையில் ஒரு சமதளம் கண்ணில் பட்டது. மெத்தைபோல் புல், பக்கத்திலேயே தண்ணீர், காற்றே இல்லை. வேறு இடம் தேடவே தோன்றவில்லை. குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று முன்னறிவிப்பு சொல்லியிருந்தது. நண்பன் தன் பையைத் தட்டிக்காட்டி, "மைனஸ் பத்தொன்பது வரைக்கும் தாங்கும்டா" என்றான். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

ஒன்பது மணிக்குப் படுத்தோம். பதினொன்றுக்கே அவன் புரள ஆரம்பித்துவிட்டான். முதுகும் இடுப்பும்தான் குளிர்ந்தன, மேலே கதகதப்பாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னான். அவன் மனைவிக்குக் கால் விறைத்துவிட்டது. தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு சுருண்டு படுத்தார். பையின் வாய்ப்பக்கம் அவர் மூச்சுக்காற்றிலேயே நனைந்தது. எனக்கு மூன்று மணி வரை நல்ல தூக்கம். அதற்குப் பிறகு நெற்றியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குளிர் வரக்கூடாதென்று டென்டின் காற்றுத் திறப்புகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தேன்.

நான்கு மணிக்கு நண்பன் கூப்பிட்டான். பையின் ஜிப்பை அவனால் இழுக்க முடியவில்லை, விரல் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. சத்தம் கேட்டு எழுந்த அக்கா மகன், "மாமா, அடுப்பை உள்ளே கொண்டுவந்து பத்த வெச்சுடலாமா?" என்றான். அந்த நேரத்தில் யாருக்குமே நல்ல யோசனையாகத்தான் படும். மூடிய டென்டுக்குள் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு உண்டாக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கம் சொக்குகிறது என்றுதான் நினைத்துக்கொள்வோம், அப்புறம் எழவே மாட்டோம். தீப்பிடிக்கும் ஆபத்து தனி. வேண்டாம் என்று வெளியே அனுப்பினேன். வெளியிலோ அடுப்பு சரியாக எரியவில்லை. குப்பியில் இருந்தது பெரும்பாலும் பியூட்டேன். அது சுமார் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே வாயுவாக மாறாமல் திரவமாகவே கிடக்கும். பத்து நிமிடம் குப்பியை ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்கின பிறகுதான் நீலச் சுடர் வந்தது. ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த குப்பியாக இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

நண்பனை உலர்ந்த ஸ்வெட்டருக்கு மாற்றி, இரண்டு நுரைப் பாய்களின் மேல் உட்காரவைத்து, இனிப்பு தூக்கலாகச் சூடான டீ கொடுத்தோம். அரை மணியில் நடுக்கம் அடங்கி, சிரித்துப் பேசினான். இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நடுங்குவது உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்று, பேச்சு குழறி, ஆள் தள்ளாடி, "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று எரிந்துவிழுந்தால் அதுதான் பயப்படவேண்டிய கட்டம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். கடுமையான நிலையில் சிலர் புழுங்குகிறதென்று உடையையே கழற்றிப் போடுவதும் உண்டு. நண்பன் அந்தப் பக்கம் போகவில்லை.

விடிந்ததும் வெப்பமானியைப் பார்த்தேன். வெளியே பதிவாகியிருந்த குறைந்தபட்ச அளவு மைனஸ் 5.

எங்கே தப்பு நடந்தது

முதலில் இடம். முன்னறிவிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சொல்வது தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில், அந்த வட்டாரத்துக்குப் பொதுவான காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கதிர்வீசி இழந்துகொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எங்கள் ஓடைக்கரைதான் அந்தப் பள்ளம். சாயங்காலம் "காற்றே இல்லை" என்று சந்தோஷப்பட்டோமே, அந்தக் காற்றில்லாத அமைதிதான் குளிர் தேங்க வழிவிட்டது.

அடுத்தது பை. பகல் வெளிச்சத்தில் அதன் உள்பக்கச் சீட்டைப் பிரித்துப் படித்தோம். மூன்று எண்கள்: 3, மைனஸ் 3, மைனஸ் 19. நண்பன் மனதில் பதிந்திருந்தது கடைசி எண் மட்டும். இந்த எண்கள் வருவது 2002-இல் ஐரோப்பாவில் வந்த இ.என். 13537 தர அளவிலிருந்து. இப்போது அதன் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 23537 இருக்கிறது. சூடேற்றிய பொம்மை ஒன்றைப் பைக்குள் கிடத்தி, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளந்து கணக்கிடுகிறார்கள். முதல் எண் வசதி நிலை, சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துக் குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது எல்லை நிலை, சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் ஒப்பேற்றக்கூடியது. மூன்றாவது உச்ச நிலை. அதில் தூக்கத்துக்கு இடமே இல்லை. ஆறு மணி நேரம் சாகாமல் கிடக்கலாம், கைகால் விரல்கள் உறைபனியில் கெட்டுப்போகலாம் என்பதுதான் அதன் பொருள். அந்த எண்ணையும் அதே சீட்டில் அச்சிடுவது எனக்கு என்றைக்கும் புரியாத விஷயம். வாங்குகிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

சரி, எண்ணைத் தப்பாகப் படித்தான். அப்படியே இருந்தாலும் எல்லை நிலை மைனஸ் 3, பதிவான குளிர் மைனஸ் 5. டென்டுக்குள் அதைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருந்திருக்கும். லேசாகக் குளிரியிருக்கவேண்டும், அவ்வளவுதான். இப்படி வெடவெடக்க நியாயமில்லை. விடை முதுகுக்குக் கீழே இருந்தது.

தூவியோ செயற்கை இழையோ, குளிரைத் தடுப்பது அதன் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்றுதான். நாம் மேலே படுத்தால் நம் எடையில் அது நசுங்கிக் காகிதம்போல் ஆகிவிடும். ஆக முதுகுப் பக்கம் பையின் தயவு கிடையாது, கீழே விரித்திருப்பது மட்டுமே காப்பு. அந்தச் சோதனைப் பொம்மையைக்கூட வெறுந்தரையில் கிடத்துவதில்லை, குளிர் தடுக்கும் பாய் விரித்துத்தான் கிடத்துகிறார்கள். சீட்டில் இருக்கும் எண்ணுக்குள் அந்தப் பாயும் சேர்த்தி.

பாயின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று குறிப்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளந்தது. 2018-இல் எஃப் 3340 என்ற பொது அளவுமுறை வந்தபிறகு ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. வெறும் காற்று மட்டும் உள்ள மெத்தைக்கு இது 1-ஐ ஒட்டித்தான் வரும். உயரம் பத்து சென்டிமீட்டர் இருந்தும் என்ன, உள்ளே இருக்கும் காற்று சும்மா இருப்பதில்லை. உடல் பட்ட பக்கம் சூடாகி, தரைப் பக்கம் குளிர்ந்து, நாம் புரளப் புரளக் கலந்து சூட்டைக் கடத்திவிடும். சாதாரண நுரைப் பாய்க்கு சுமார் 2.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூங்கும் உடம்பு உண்டாக்கும் வெப்பம் 70, 80 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. படுத்திருப்பவர் தரையோடு தொடும் பரப்பு 0.4 சதுர மீட்டர், தோலுக்கும் தரைக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஆர் 1 மெத்தை வழியாக ஏறக்குறைய 68 வாட் கீழே போகிறது. ஆர் 4 ஆனால் 17 வாட். நிஜத்தில் கீழே மண்ணும் கொஞ்சம் சூடாகும், தோலும் குளிரும், இழப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் நண்பன் உடம்பு உண்டாக்கிய சூட்டில் பெரும்பங்கைத் தரை குடித்துவிட்டது என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பையை இன்னும் எவ்வளவு நல்லதாக மாற்றியிருந்தாலும் இது மாறியிருக்காது.

ஆர் மதிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் கூடும். அக்கா மகன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு நுரைப் பாயையும் ஒன்றாகப் போட்டுப் படுத்திருந்தான். 2-உம் 2-உம் 4. யோசித்துச் செய்யவில்லை, இரண்டாவதை வைக்க வேறு இடமில்லாமல் செய்தது. அதோடு படுக்கப்போகும் முன் விறகு பொறுக்கி, பாத்திரம் கழுவி, பத்துத் தடவை நடந்திருந்தான், வயிறு நிறையச் சாப்பிட்டுமிருந்தான். பைக்குள் போகும்போதே சூடாகப் போனான். நாங்கள் மூவரும் நட்சத்திரம் பார்த்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, குளிர்ந்த உடம்போடு பைக்குள் நுழைந்தவர்கள். பைக்கென்று சூடு எதுவும் கிடையாது. உள்ளே போவதைத்தான் அது காப்பாற்றும்.

நண்பனின் மனைவிக்குக் காரணம் வேறு. பகலில் ஏறிவந்த அதே உடையோடு, அதே சாக்ஸோடு படுத்துவிட்டார். தொட்டால் ஈரம் தெரியவில்லை, ஆனால் வியர்வை இருந்தது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். குளிர ஆரம்பித்ததும் உடம்பு முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். ஈர சாக்ஸும் அதோடு சேர்ந்தால் கால் எப்படிச் சூடாகும்? பைக்குள் மூச்சுவிட்டது இன்னொரு தப்பு. மூச்சும் தோலும் சேர்ந்து ஓர் இரவில் ஆளுக்குக் கால் லிட்டர் அளவுக்கு நீரை வெளியேற்றும். அது பைக்குள்ளேயே தங்கினால் இழை நனையும், தூவியாக இருந்தால் உப்பல் போய்ச் சப்பிவிடும். என் டென்டில் சொட்டியதும் இதே நீர்தான்.

இந்த ஈரம் ஓர் இரவோடு தீர்வதும் இல்லை, நாளுக்கு நாள் சேரும். 1911-இல் அன்டார்டிகாவில், நடுக்குளிர்காலத்து இருட்டில், எம்பரர் பென்குவின் முட்டைக்காக ஸ்காட்டின் தென்துருவப் பயணக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கெரார்டு மூவரும் ஐந்து வாரம் நடந்தார்கள். குளிர் மைனஸ் 60 வரை இறங்கியது. அவர்களுடைய மான்தோல் பைகளில் வியர்வையும் மூச்சும் உறைந்து பனிக்கட்டியாகி, கடைசியில் படுக்கும் முன் பைக்குள் உடம்பை நுழைப்பதே பெரிய போராட்டமாகிவிட்டது. எங்களுக்கு வந்தது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அன்று காலை வெயில் ஏறியதும் நாங்கள் செய்த முதல் வேலை நான்கு பைகளையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பாறைமேல் காயப்போட்டது.

இரண்டாம் இரவு

டென்டுகளைப் பிடுங்கிச் சரிவில் முப்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றினோம். மரங்களுக்குக் கீழே, காற்று நேரடியாக அடிக்காத ஒரு திட்டு. பட்டுப்போன கிளை தலைக்குமேல் தொங்குகிறதா என்று மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டோம். தண்ணீருக்கு இறங்கி ஏறவேண்டும் என்று முணுமுணுப்பு இருந்தது.

அக்கா மகனின் இரண்டாவது பாய் நண்பனுக்குப் போனது. காற்று மெத்தைக்கு மேலே விரித்தோம். 1-உம் 2-உம் 3. பையன் இளைய ரத்தம்தானே என்று விட்டுவிடவில்லை. உதிர்ந்து காய்ந்த சருகைச் சாண் உயரத்துக்கு அள்ளிவந்து டென்டுக்கு அடியில் பரப்பினோம், காலுக்குக் கீழே காலி முதுகுப்பையும் சுருட்டிய கயிறும். மறுநாள் கிளம்பும்போது சருகை இறைத்துவிட்டோம்.

நண்பனின் மனைவி படுப்பதற்கென்று தனியாக ஒரு உலர்ந்த உடை எடுத்துவைத்தார். தளர்வான சாக்ஸ், காதை மூடும் தொப்பி. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்றவரைத் தடுத்தேன். இறுக்கினால் ரத்தமும் ஓடாது, காற்றும் நிற்காது. அதோடு ஒரு லிட்டர் வெந்நீர் பாட்டில். இதற்கும் கணக்கு உண்டு. 90 டிகிரித் தண்ணீர் 35 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடும் வெப்பம் சுமார் 230 கிலோஜூல், தூங்கும் உடம்பு ஐம்பது நிமிடத்தில் உண்டாக்கும் அளவு. சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பைக்குள் நுழையும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் அது தேவை. முதலில் அவர் எடுத்துவந்தது இரட்டைச் சுவர் பிளாஸ்க். சூட்டை வெளியே விடாமல் இருக்கவே செய்த பாத்திரம் அது, பைக்குள் அதனால் ஒரு பலனும் இல்லை. ஒற்றைச் சுவர் பாட்டில், மூடி கசிகிறதா என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில். பாதத்தில் வைப்பதைவிட அங்கே வைத்தால் காலுக்குப் போகும் ரத்தமே சூடாகிப் போகும்.

நான் செய்தது இரண்டே. காற்றுத் திறப்புகளைத் திறந்துவைத்தேன், கேஸ் குப்பியைப் பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் சரிவில் இரண்டு தடவை ஏறி இறங்கி, வியர்க்கும் முன் நிறுத்தி, சாப்பிட்டு உடனே படுத்தோம். குடித்துவிட்டுப் படுத்தால் சூடாக இருக்கும் என்று ஒரு பேச்சு வந்தது. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடுபோலத் தோன்றும், உள்ளிருந்து சூடு வெளியேறுவதுதான் உண்மை. உடையில்லாமல் படுத்தால் பை நன்றாக வேலை செய்யும் என்ற கதையையும் அன்றைக்கே ஓரங்கட்டினோம். இரவில் சிறுநீர் முட்டினால் எழுந்து போவதே நல்லது. அதைச் சூடாக வைக்க உடம்பு சக்தியைச் செலவழிக்கிறது என்பார்கள், அது சரியல்ல. முட்டிக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

என்ன கிடைத்தது

நண்பன் ஐந்தரை வரை தூங்கினான். இடுப்பில் லேசான குளிர் இருந்தது, எழுப்பும் அளவுக்கு இல்லை. என் டென்டில் சொட்டு விழவில்லை, உள்சுவரில் மெல்லிய ஈரம் மட்டும். அக்கா மகனுக்குச் சருகு சரசரத்ததுதான் ஒரே புகார். நண்பனின் மனைவிக்கு மட்டும் இரண்டு மணிக்கு மேல் கால் மறுபடி குளிர்ந்துவிட்டது. பாட்டில் ஆறியபிறகு அந்த ஒற்றை நுரைப் பாயும் அந்தப் பையும் அவருக்குப் போதவில்லை. அவருக்கு நியாயமாக இன்னொரு பாய் கொடுத்திருக்கவேண்டும். நடுங்கியவனுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம்.

அன்று பாதி இரவு மேகம் மூடியிருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். மேகம் போர்வைபோல் தரையின் சூட்டைத் திருப்பி அனுப்பும். ஆகவே எல்லாப் பெருமையும் எங்கள் மாற்றங்களுக்கே என்று சொல்லமாட்டேன். ஆனால் இடத்தைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. சூரியன் கிளம்பும் நேரத்தில், அதாவது இரவின் மிகக் குளிர்ந்த நேரத்தில், மேட்டில் வெப்பமானி 0 காட்டியது. அக்கா மகன் அதையே எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழிருந்து கத்தினான்: "மாமா, இங்க மைனஸ் மூணு!" முந்தின நாள் நாங்கள் டென்ட் போட்ட இடத்தில் புல் வெள்ளையாக விறைத்து நின்றதாம். மேலே எங்கள் புல்லில் வெறும் ஈரம்தான்.

நண்பன் அந்தப் பையை மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இல்லை. குளிர் தடுக்கும் இழை உள்ளே வைத்த மெத்தை ஒன்று மட்டும் வாங்கியிருக்கிறான், ஆர் 4-க்கு மேல். அவன் மனைவி நுரைப் பாய் இரண்டாக்கிக்கொண்டார். அடுத்த முறை வெப்பமானியும் இரண்டு வருகிறது. ஒன்று மேட்டுக்கு, ஒன்று பள்ளத்துக்கு.